சிட்டுக்குருவிப் பெட்டி வைப்பதும், திறக்காமலேயே கூட்டை அறிவதும்

இளவேனில் தொடங்கியதும் எங்கள் வீட்டில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் வந்து சேரும். தோட்டத்தில் கிளை கழிக்கவும் மண் கிளறவும் வேண்டியிருக்கும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து தங்குவதும் அந்த வாரங்களில்தான். சிட்டுக்குருவிகள் கூடு கட்டுவதும் அப்போதுதான். குருவிகளுக்கு இடையூறு இல்லாமல் இம்மூன்றையும் நடத்துவதற்கு நானும் என் கணவரும் வகுத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். பெட்டி செய்வது இதில் எளிய பகுதி. உள்ளே கூடு எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே அறிந்து, மற்ற வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதில்தான் எங்களுக்கு மிகுந்த காலம் பிடித்தது என்பதால், அந்தப் படியைச் சற்று நீட்டியே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிட்டுக்குருவி எல்லா நாட்டுக்கும் சொந்தப் பறவை அன்று. வட அமெரிக்காவுக்கு அது 1850களில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்டது. அங்கே நீலப்பறவை போன்ற உள்நாட்டுப் பறவைகளின் பொந்துகளை அது பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அது வெளியிலிருந்து வந்த பறவையே. அந்நாடுகளில் வாழ்கிறவர்கள் சிட்டுக்குருவிக்காகப் பெட்டி வைக்க வேண்டாம். தம் ஊரின் பொந்துவாழ் பறவை எதுவென்று கேட்டறிந்து, அதற்குரிய துளை அளவில் பெட்டி செய்யலாம். பிரிட்டனிலோ, 2002 முதல் சிட்டுக்குருவி, பெரிதும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. ஒரே பறவை ஓரிடத்தில் காக்கப்பட வேண்டியதாகவும் மற்றோரிடத்தில் பிறவற்றுக்கு இடரானதாகவும் இருப்பதால், இந்த முடிவை எடுத்த பிறகே மரத்தை அறுக்க வேண்டும்.

முதல் படி: பெட்டி

குறைந்தது 15 மி.மீ. தடிமனுள்ள, வண்ணமோ மருந்தோ பூசாத பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். உட்புறத் தரை 15 செ.மீ.க்கு 12 செ.மீ. இருந்தால் போதும். நுழைதுளையின் விட்டம் 32 மி.மீ.; துளையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 12.5 செ.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும். துளை தாழ்வாக இருந்தால் பூனையின் கை குஞ்சுகளை எட்டிவிடும். தரைப்பலகையில் நீர் வடிய நான்கைந்து சிறு துளைகளும், பக்கவாட்டில் கூரைக்குச் சற்றுக் கீழே காற்று புக இரண்டு துளைகளும் போடுங்கள். முன்பலகையின் உட்புறத்தை மழமழப்பாக இழைத்துவிடக் கூடாது. துளைக்குக் கீழே கத்தியால் குறுக்குக் கோடுகள் கீறிவிட்டால், குஞ்சுகள் அவற்றில் நகத்தை ஊன்றி ஏறி வெளியே வரும்.

துளைக்குக் கீழே உட்கார ஒரு குச்சி வைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அதை வைக்க வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை. கூட்டைக் கொள்ளையிட வரும் பறவைக்கும் விலங்குக்கும்தான் அது பிடிமானமாகும்.

கருவிகளில் என் கணவருக்கு உறுதியான கருத்து உண்டு, நானும் அதை ஏற்கிறேன். 32 மி.மீ. துளையை உளியால் குடைவதை விட, டிரில்லில் பொருத்தும் ஹோல் சா என்னும் வட்டவாள் கொண்டு ஒரே மூச்சில் போடுவது நல்லது, ஏனெனில் அளவு பிசகாது. ஆணியை விட ஸ்குரு நல்லது. பருவம் முடிந்தபின் கூரையைக் கழற்றித் துப்புரவு செய்ய வேண்டியிருக்கும். ஒட்டுப்பலகை ஈரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும் என்பதால் முழுமரப் பலகையே சிறந்தது. தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் அவை உள்ளே அடுப்பாகிவிடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் வெப்பமே பெரும்பகை.

இரண்டாம் படி: இடம்

தரையிலிருந்து இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரத்தில், நண்பகல் வெயிலும் சாரலும் நேராகத் தாக்காத சுவரில் பெட்டியைப் பொருத்துங்கள். முன்பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே போகாது. சிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்பவை; அடுத்தடுத்துக் கூடு கட்டும் இயல்புடையவை. ஆகவே ஒரே சுவரில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று பெட்டிகள் வைப்பது, தனியாக ஒன்று வைப்பதை விடப் பயன் தரும். கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் பெட்டிக்குள் நுழையா. அவற்றுக்கு அடர்ந்த புதரும் மெல்லிய கிளையும்தான் வேண்டும்.

நீங்கள் அன்றாடம் அமரும் ஒரு சன்னலிலிருந்து பெட்டியின் துளை தெரிய வேண்டும். அடுத்த படி முழுவதும் இந்தப் பார்வையை நம்பியே இருக்கிறது.

மூன்றாம் படி: திறக்காமல் கூட்டை அறிதல்

புதிதாகப் பெட்டி வைத்தவர்களுக்கு எழும் ஆசை, மூடியைத் திறந்து பார்க்கலாமே என்பதுதான். கூடு கட்டும்போதும் முட்டையிடும்போதும் குறுக்கிட்டால், குருவிகள் அந்த இடத்தையே கைவிட்டுவிடக்கூடும். சிறகு முளைத்த குஞ்சுகள் இருக்கும்போது திறந்தால், அவை பறக்கும் வலிமை வருமுன்பே அஞ்சி வெளியே குதித்துவிடும். திறக்கவே வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் அனுபவம், ஏனெனில் உள்ளே நடப்பதையெல்லாம் தாயும் தந்தையும் தங்கள் அலகில் ஏந்திக் காட்டிவிடுகின்றன.

முதலில் உலர்ந்த புல்லும் நாரும் இறகும் உள்ளே போகும். கழுத்தடியில் கரும்பட்டை உள்ள ஆண்குருவி துளையின் வாயிலில் அமர்ந்து விடாமல் கத்திக்கொண்டிருக்கும். ஒரு நாள் என் கணவர் சுட்டிக்காட்டினார்: தன் உடலை விட நீண்ட ஒரு புல்லைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு வந்த ஆண், துளையில் அது தடுக்குவதைக் கண்டு, அலகை நகர்த்தி நகர்த்தி நுனிக்குக் கொண்டுவந்து, பிறகு நேராக இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. புல் போகும் நாள்கள் கட்டுமான நாள்கள். இப்போது பெட்டிக்கு அருகே ஏணி வைக்காதீர்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பதையும் தள்ளிவையுங்கள்.

பிறகு போக்குவரத்து திடீரெனக் குறையும். கூடு காலியாகிவிட்டது என்று பலர் எண்ணுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில், நாளுக்கு ஒன்றாக முட்டைகள் இடப்பட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து. அடைகாப்பு ஏறத்தாழ 11 முதல் 14 நாள் நீடிக்கும். பெட்டை மிகுதியான நேரமும் ஆண் சிறிது நேரமும் உள்ளே இருப்பதால், ஒன்று வெளியேறியவுடன் மற்றொன்று நுழைவதைக் காணலாம். வருகை குறைவு, மாற்றம் ஒழுங்கு: இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அது அடைகாப்புதான். இறகோ புல்லோ அவ்வப்போது உள்ளே போனாலும் ஐயம் வேண்டாம். அடைகாக்கும்போதும் கூட்டைச் செப்பனிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

ஒரு காலை, அலகில் பச்சைப் புழுவுடன் ஒரு குருவி உள்ளே போகும். குஞ்சு பொரித்துவிட்டது. இன்னும் உறுதி வேண்டுமென்றால், வெளியே வரும்போது அலகைப் பாருங்கள்: வெள்ளையான ஒரு சிறு உருண்டை இருக்கும். அது குஞ்சின் எச்சம். மெல்லிய உறையில் சுற்றப்பட்டுப் பை போல வெளிவருவதால், பெற்றோர் அதைக் கவ்வித் தொலைவில் கொண்டுபோய் விடுகின்றன. உள்ளே போகும்போது புழு, வெளியே வரும்போது வெள்ளைப் பை என்றால், குஞ்சுகள் நலமாக உண்டு வளர்கின்றன என்று பொருள்.

குஞ்சுகள் இரண்டு வாரமளவில் பறந்துவிடும். அதற்கு முந்தைய நாள்களில், மஞ்சள் விளிம்புள்ள அகன்ற வாய்கள் துளையிலேயே தெரியும். பெற்றோர் உள்ளே நுழையாமல் வாயிலில் தொங்கியபடியே ஊட்டும். தலை தெரியத் தொடங்கிய நாளிலிருந்து பெட்டிப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

ஒரு குறிப்பேட்டில் தேதியோடு நான்கு சொற்களை மட்டும் எழுதிவருகிறேன்: புல், அமைதி, புழு, தலை. இவை இருந்தால் அடுத்த நிலை எப்போது வருமென்று கணக்கிட்டுக்கொள்ளலாம். முதல் ஈடு, அதாவது முதல் முறை பொரித்த குஞ்சுகள், பறந்தபின் அதே இணை அடுத்த ஈட்டுக்கும் அந்தப் பெட்டியையே பயன்படுத்தக்கூடும் என்பதால், குறிப்பேட்டை உடனே மூடிவிட வேண்டாம்.

நான்காம் படி: உறவினர் வருகை

பேரப்பிள்ளைகள் வர உகந்த வாரம் எது என்று மகள் கேட்டால், குறிப்பேட்டைப் பார்த்தே நாங்கள் பதில் சொல்கிறோம். ‘புழு’ எழுதிய நாளிலிருந்து ‘தலை’ எழுதும் நாள் வரையுள்ள இடைவெளியே சிறந்தது. அப்போது பெற்றோர் இடைவிடாமல் வந்துபோகும். குழந்தைகள் பொறுமையிழக்க வாய்ப்பில்லை. குஞ்சுகளை ஊட்டத் தொடங்கிவிட்ட பறவைகள் எளிதில் கூட்டைக் கைவிடுவதும் இல்லை. ‘புல்’ வாரத்திலும் ‘தலை’ நாள்களிலும் அவர்கள் வந்தே ஆக வேண்டுமானால், விளையாட்டை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

குழந்தைகளிடம் ‘சத்தம் போடாதே’ என்று சொல்வதை விட ஒரு வேலையைக் கொடுப்பது பயன்படும். சன்னல் திரையைப் பாதி இழுத்து, அரை மணி நேரத்தில் எத்தனை முறை இரை வந்தது, கொண்டுவந்தது ஆணா பெட்டையா என்று கோடு போடச் சொல்லுங்கள். கரும்பட்டை இருந்தால் ஆண், வெளிர்பழுப்பாக இருந்தால் பெட்டை. ஆறு வயதுக் குழந்தைக்கும் இது எளிதில் பிடிபடும். பிளாஷ் வைத்துப் படம் எடுக்கக் கூடாது. பறவைக் குரல்களைக் கைப்பேசியில் ஒலிக்கவிடுவதும் கூடாது. வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று எண்ணி, ஊட்டுவதை விட்டுவிட்டு அவை சண்டைக்குத் தேடி அலையும். மெர்லின் செயலி, கேட்கும் குரல் யாருடையதென்று சொல்வதற்கு மிகவும் உதவும். அதைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை. பத்து மடங்கில் பறவை பெரிதாகத் தெரியும். ஆனால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், காட்சிப் பரப்பும் குறுகிவிடும். வீட்டுத் தோட்டத்துக்கு எட்டே போதும் என்பது என் உறுதியான எண்ணம். தோட்டத்துக்கு வந்தவற்றை இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தால், ஆய்வாளர்களுக்கும் அது பயன்படும். 2002 முதல் அது இயங்கிவருகிறது.

ஐந்தாம் படி: தோட்டம்

வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கோ, குறிப்பாகத் தொடக்க நாள்களில், புழுவும் பூச்சியும்தான் வேண்டும். தானியத்தை எவ்வளவு இறைத்தாலும் அந்தப் பசியைத் தீர்க்க முடியாது. ஆகவே கூடு இருக்கும் காலத்தில் பூச்சிமருந்து கூடவே கூடாது. இலையில் அசுவினிப் பூச்சி கண்டால் விட்டுவிடுகிறேன். குருவிகளுக்கு அதுவும் இரை. செடி தேர்விலும் இதே கருத்து பொருந்தும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்னும் சிறு பறவையை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. உள்நாட்டுத் தாவரங்களின் பங்கு 70 விழுக்காட்டுக்குக் குறைந்த தோட்டங்களில் அப்பறவைகளால் தம் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள இயலவில்லை என்று அது காட்டியது. வெளிநாட்டு அலங்காரச் செடிகளை நம் ஊர்ப் புழுக்கள் பெரும்பாலும் தின்பதில்லை என்பதே காரணம்.

கிளை கழிக்கும் முன் புதருக்குள் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் புதரை மட்டும் விட்டுவிடுங்கள். மண் கிளறுவதில் தடையில்லை. ஒரு மூலையில் பொடிமண்ணைத் திறந்தே விட்டால், குருவிகள் அதில் புரண்டு மண்குளியல் செய்யும்.

நீர்த்தட்டு ஆழமற்றதாக, இரண்டரை முதல் ஐந்து செ.மீ.க்குள், சொரசொரப்பான அடிப்பரப்போடு இருக்கட்டும். நீரைத் தினமும் மாற்றினால் கொசு வளராது. சன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளோ, பத்து மீட்டருக்கு அப்பாலோ தட்டை வையுங்கள். மிக அருகிலிருந்து கிளம்பும் பறவை கண்ணாடியில் மோதினாலும் உயிர்போகும் வேகம் இருக்காது. இடைப்பட்ட தொலைவே ஆபத்தானது.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தவை

ஆண்குருவி கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று அது எண்ணுகிறது. கண்ணாடியின் வெளிப்புறத்தைத் தாளாலோ துணியாலோ சில வாரம் மறைத்துவிடுங்கள். உட்புறம் மறைத்தால் பிம்பம் போகாது.

பெட்டிக்குள் எறும்பு ஏறுவதாகச் சொன்னவர்கள், சுவரைத் தொடும் கிளைகளை முதலில் வெட்டட்டும். கிரீஸ், பசை எதையும் தடவ வேண்டாம்; இறகில் ஒட்டினால் பறவையால் பறக்க முடியாது.

நாற்றுகளைக் குருவி கிள்ளுகிறது என்பதும் உண்மையே. வலை கட்டுவதானால் விரல் நுழையாத சிறு கண்ணுள்ளதை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் கால் சிக்கிப் பறவைகள் இறக்கின்றன.

தரையில் குஞ்சு கிடக்கிறதே என்று பதறியவர்களுக்கு: இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது; பெற்றோர் அருகில்தான் இருக்கும். பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறகே இல்லாத குஞ்சென்றால் எடுத்துக் கூட்டில் வைத்துவிடலாம். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று.

பருவம் முடிந்து, பெட்டிக்குப் பறவை வருவது முற்றிலும் நின்றபின், பழைய கூட்டை எடுத்துவிட்டுக் கொதிநீரை ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி மறுபடி மாட்டுங்கள். மருந்து எதுவும் வேண்டாம். அந்த வேலையைச் செய்யும்போது கையுறையும் முகமூடியும் அணிந்துகொள்ளுங்கள். பழைய கூட்டில் உண்ணிகளும் தூசும் மிகுதியாக இருக்கும்.