ஏலத்துக்கு வரும் பழைய ஆங்கில வெள்ளிக் கெண்டி: விலை கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

நகைக் கடையில் 916 முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்கிப் பழகியவருக்கு இங்கிலாந்து வெள்ளி அந்நியமாகத் தோன்றாது. வெள்ளியைச் சோதித்து முத்திரை இட வேண்டும் என்ற சட்டம் அங்கே 1300-லேயே வந்துவிட்டது. அதனால்தான் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய தேநீர்க் கெண்டியைக் கவிழ்த்துப் பார்த்தே, அது எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் பட்டறையில் பிறந்தது என்று சொல்லிவிட முடிகிறது.

முதன்முதலில் ஏலத்துக்குப் போகிறவர்கள் 1780-களின் நீள்வட்டக் கெண்டியில் தொடங்கலாம். 1784-ல் பிரிட்டன் தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. அதுவரை கடத்தல்காரர்கள் கையில் கொழித்த தேயிலை நேர்வழியில் மலிவாகக் கிடைத்தது. தேநீர் குடிப்பதும் பெருகியது. அந்தக் காலத்துக் கெண்டிகள் இன்றும் ஏலங்களில் அடிக்கடி தென்படுகின்றன. லண்டனில் 1787-ல் ஹெஸ்டர் பேட்மன் பட்டறையில் செய்த கெண்டி ஒன்று நம் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் இறந்த பிறகு 1761-ல் தன் பெயரிலேயே முத்திரையைப் பதிவு செய்து, 1790 வரை பட்டறையை நடத்திய பெண்மணி அவர்.

படி 1: ஏலப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள்

'மூன்றாம் ஜார்ஜ் காலத்தது' (அன்றைய பிரிட்டன் அரசரின் பெயர்) என்பதும் 'மூன்றாம் ஜார்ஜ் பாணி' என்பதும் ஒன்றல்ல. பாணி என்ற சொல் வந்தாலே பொருள் பிற்காலத்தது. எடை ட்ராய் அவுன்ஸில் இருக்கும். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். அந்த எடையில் மரக் கைப்பிடியும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பழுதுகளைப் பற்றிய அறிக்கையை எழுத்து மூலம் கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் நாளில் நேரில் போய்விடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சின்ன டார்ச்சும் போதும். அனுமதி கேட்டால் கையில் கொடுப்பார்கள்.

படி 2: கவிழ்த்து முத்திரைகளைப் படியுங்கள்

நம் கெண்டியின் அடியில் ஐந்து முத்திரைகள் இருக்க வேண்டும். முன்னங்கால் தூக்கி நடக்கும் சிங்கம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அடையாளம். கிரீடம் அணிந்த சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். கிரீடம் மட்டும் தனியாக இருந்தால் ஷெஃபீல்டு. இந்த இரண்டு ஊர்களுக்கும் 1773-ல்தான் சொந்தமாக முத்திரை அலுவலகம் கிடைத்தது. அடுத்தது அரசரின் தலை. 1784 இறுதியில் வெள்ளிக்கு வரி போட்டார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாக 1890 வரை இது பதிக்கப்பட்டது. பிறகு ஆண்டைச் சொல்லும் எழுத்து. லண்டனில் சிறிய 'எம்' என்றால் 1787. அப்போது மே மாதத்தில் எழுத்தை மாற்றுவார்கள் என்பதால் 1787-88 என்று எழுதுவதே சரி. ஐந்தாவது செய்தவரின் முத்திரை: வளைந்து ஓடும் கையெழுத்துப் பாணியில் 'ஹெச் பி'.

ஒவ்வொரு ஊருக்கும் எழுத்து வரிசை வேறு. ஒரே எழுத்து பல சுற்றுகளில் திரும்பவும் வரும். அதனால் எழுத்தின் வடிவம், அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவம் இரண்டையும் அந்தந்த ஊரின் ஆண்டு எழுத்து அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் ஆண்டை முடிவு செய்ய வேண்டும். 'ஈ பி என் எஸ்' என்ற எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய உலோகம் மட்டுமே.

படி 3: மூடியையும் பாருங்கள்

மூடியின் உட்புறம் சிங்க முத்திரை சிறிதாக இருந்தால் நிம்மதி. எதுவுமே இல்லாவிட்டால் மூடி பிற்பாடு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். கீலை மெதுவாக அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: வாயால் ஊதுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. உடைந்த கரண்டி போன்ற ஒரு சிறு பொருளிலிருந்து உண்மையான முத்திரைகளை வெட்டி எடுத்து, பிற்காலக் கெண்டியின் அடியில் பதித்துப் பற்றவைக்கும் மோசடி பழைய காலத்திலேயே உண்டு. முத்திரைகள் அசல்தான், கெண்டிதான் பொய். முத்திரைகளைச் சுற்றி 'ஹா' என்று ஊதுங்கள். ஆவி படிந்து மறையும் அந்த ஓரிரு நொடியில், பற்றவைத்த கோடு வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

ஒரு கோட்டைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். 1780-களில் கெண்டியைத் தகட்டை வளைத்துச் செய்தார்கள். கைப்பிடியை ஒட்டி மேலிருந்து கீழே ஓடும் இணைப்பு, அடித்தகட்டின் விளிம்பில் சுற்றி வரும் இணைப்பு இரண்டும் அந்த வேலையின் இயல்பான அடையாளங்கள். இவை இருப்பது எனக்கு நம்பிக்கையையே தருகிறது.

படி 5: கட்டைவிரலால் அழுத்துங்கள்

கெண்டியின் பக்கவாட்டில் குடும்பச் சின்னம் செதுக்கியிருப்பார்கள். பொருள் கை மாறும்போது அதைத் தேய்த்து அழித்துவிட்டு, புதிய சின்னத்தைச் செதுக்கிக்கொண்ட வீடுகள் உண்டு. ஒருமுறை மேசையிலேயே அதிகம் பளபளத்த கெண்டியை எடுத்தேன். சின்னத்துக்கான வளையத்தின் நடுவில் விரலை லேசாக வைத்ததும் தகடு உள்ளே தாழ்ந்து 'டக்' என்று திரும்ப எழுந்தது. அங்கே வெள்ளி காகிதம்போல் மெலிந்திருந்தது. பக்கத்தில் மங்கலாகக் கிடந்த இன்னொன்றில் பழைய சின்னம் முழுதாக இருந்தது. எனக்கு அந்த மங்கலான கெண்டிதான் உயர்ந்தது. மெருகை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், போன வெள்ளி வராது.

இதோடு டார்ச்சை உள்ளே விட்டு, செதுக்கு வேலை உள்ள இடங்களையும் மூக்கின் அடியையும் வெளியிலிருந்து பாருங்கள். ஊசித்துளை இருந்தால் ஒளிப்புள்ளி தெரியும். சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் யாரோ ஈயம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்வது கடினம். சின்ன ஒடுக்கு இருந்தால் பரவாயில்லை, நல்ல பொற்கொல்லர் எடுத்துவிடுவார்.

படி 6: கைப்பிடி

மரக் கைப்பிடி மாற்றப்பட்டிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை ஆண்டுகள் சூடு தாங்கிய மரம் அது. தந்தம்தான் சிக்கல். மூடிக் குமிழிலோ, வெள்ளிக் கைப்பிடியில் சூடு ஏறாமல் இருக்க வைத்த வளையங்களிலோ தந்தம் இருக்கலாம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1947-க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பொருளைக்கூடப் பதிவு செய்த பிறகே விற்கலாம். பதிவு விவரத்தைக் கேளுங்கள்.

படி 7: கணக்குப் போடுங்கள்

சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. 800 பவுண்டுக்கு ஏலம் முடிந்து, ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணம் 25 சதவீதம் என்றால் அது 200 பவுண்டு. அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி 40 பவுண்டு. ஆக 1,040. கட்டண விகிதம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் உச்ச வரம்பை இந்த மொத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கெண்டியின் எடைக்கான வெள்ளி விலையையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்; மீதித் தொகை வேலைப்பாட்டுக்கும் பட்டறையின் பெயருக்கும் நீங்கள் தருவது.

கெண்டி வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில், கைப்பிடி நனையாமல் கழுவுங்கள். மென்மையான துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே உலரவிடுங்கள்.