பேட்டரி செத்த காரின் கதவைத் திறப்பது எப்படி?

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் முடிந்து, மூன்று நாளாக மண்டப வாசலில் நின்ற காரை எடுக்கப் போனால், ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கியும் சத்தமே இல்லை. உள்விளக்கை அணைக்காமல் விட்டது நான்தான். கண்ணாடியை உடை, ஸ்கேலை விட்டு நெம்பு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ரெண்டும் வேண்டாம்.

ஸ்மார்ட் கீ என்றாலும் பெரும்பாலும் அதற்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். ஓரத்தில் உள்ள சின்னத் தாழைத் தள்ளிக்கொண்டே இழுத்தால் கையோடு வரும். டிரைவர் பக்கக் கதவில் சாவித் துவாரம் தெரியவில்லையா? சில வண்டிகளில் அது கைப்பிடியை ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். மூடியின் அடியில் உள்ள ஓட்டையில் சாவி நுனியை விட்டு மெதுவாகக் கிளப்புங்கள். வருஷக்கணக்கில் திருப்பாத பூட்டு, அதுவும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் இறுகியிருக்கும்; பலத்தைக் காட்டினால் சாவி முறியும், இறுகியதை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்து ஐந்து நிமிஷம் கழித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள்.

உள்ளே போனதும் பானெட் லீவரை இழுங்கள், பெரும்பாலும் அது கம்பியில் ஓடுவது, கரண்ட் வேண்டாம். அப்புறம் ஜம்பர் கேபிள், அதாவது இன்னொரு காரின் நல்ல பேட்டரியிலிருந்து நம்முடையதற்குக் கரண்ட் கொண்டுவரும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு நல்லதன் மைனஸில், கடைசி முனை நம் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில். நெல் ஏற்ற வந்த லாரியைக் கூப்பிடாதீர்கள், அதில் பெரும்பாலும் 24 வோல்ட், நமக்கு 12தான். கரண்ட் வந்ததும் அலாரம் அலறலாம். ரிமோட்டில் அன்லாக்கை அமுக்கினால் அடங்கிவிடும்.