ஆசிரியர் நினைவாக பி.எட். உதவித்தொகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியராக இருந்து மறைந்த அப்பா பெயரிலோ, கணக்கு டீச்சராக இருந்த அத்தை பெயரிலோ பி.எட். மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறக்கட்டளை (முதலை வங்கியில் போட்டு, வரும் வட்டியில் உதவித்தொகை தருவது) வைக்க விரும்பும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அந்தப் பணம் யாருக்கு, எப்போது கிடைக்கும் என்பது பல்கலைக்கழகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதும் நான்கைந்து வரிகளில்தான் இருக்கிறது. அந்த வரிகளை அவசரத்தில் எழுதிவிடக் கூடாது.

பலரும் முதலில் எழுதுவது, "முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு" என்பது. முதலிடம் யாருக்கு என்று தெரியும்போது படிப்பே முடிந்திருக்கும். பட்டமளிப்பு விழாவில் கைதட்டலோடு கொடுக்கும் பரிசு அது. கட்டணம் கட்ட முடியாமல் முதல் ஆண்டிலேயே நின்றுபோன பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. அதில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளிகளோடு சேர்ந்த பயிற்சிக்குப் போகின்றன. பெரும்பகுதி இரண்டாம் ஆண்டில் வருகிறது. அந்த மாதங்களில் காலை முதல் மாலை வரை பள்ளியில் இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது, பகுதிநேர வேலைக்கும் போக முடியாது. ஆனால் பஸ் செலவு, சார்ட், மாதிரிகள், பாடத்திட்ட ரெக்கார்டு நோட்டுகள், வகுப்புக்கு உடுத்திப் போகப் புடவை என்று கைச்செலவு கூடிக்கொண்டே போகும். என்னைக் கேட்டால், முதல் ஆண்டுச் சேர்க்கையின்போது பாதி, பயிற்சி தொடங்குவதற்கு முன் மீதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவேன். தாமதமாக வரும் பணத்தை, வட்டிக்கு வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்த மாணவி எடுத்துப் போவாள்.

அடுத்தது கணக்கு. 1990களின் நடுவில் வங்கி வைப்புக்கு 12 சதவீதம்கூட வட்டி கிடைத்தது. அப்போது வைத்த ஒரு லட்சம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தந்தது. இன்று 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6,500தான். விலைவாசியோ இடையில் பல மடங்கு ஏறிவிட்டது. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவழிக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் இப்படித்தான் தேய்ந்துபோகின்றன. ஐந்து லட்சம் வைத்தால், வரும் 32,500 ரூபாயில் நான்கில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துவிட்டு மீதியை ஒரே மாணவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பேருக்குப் பிரித்தால் யாருக்கும் உதவாது. தொகை போதவில்லையா? அந்த ஆசிரியரிடம் படித்தவர்களைக் கேளுங்கள், மனதாரத் தருவார்கள்.

நிபந்தனைகளையும் அடுக்காதீர்கள். "எங்கள் ஊரைச் சேர்ந்த, அரசுப் பள்ளியில் படித்த, இயற்பியல் எடுத்த பெண்" என்றால் பல ஆண்டுகள் ஆளே கிடைக்காமல் வட்டி அப்படியே கிடக்கும். முன்னுரிமை என்று எழுதி, அப்படி யாரும் இல்லாதபோது யாருக்குத் தரலாம் என்பதையும் சேர்த்துவிட்டால் போதும். "ஐந்து ஆண்டு கிராமப் பள்ளியில் பணியாற்ற வேண்டும்" என்பதும் நடக்காத காரியம். தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு, காலியிடம் எதுவும் அந்த மாணவர் கையில் இல்லை. சாதியை நிபந்தனையாக்குவது ஓர் ஆசிரியரின் நினைவுக்கே இழுக்கு. அப்புறம், சில அரசு உதவித்தொகைகளைப் பெறுபவர் வேறோர் உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற விதி உண்டு. உங்கள் உதவியால் அவர் பெரிய தொகையை இழந்துவிடாதபடி முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற அண்ணனோ தங்கையோ பங்கு தருவதாக இருந்தால், வெளிநாட்டு நன்கொடை பெற அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்ட பிறகே அனுப்பச் சொல்லுங்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற இணைவுப் பல்கலைக்கழகத்தில் பி.எட். மாணவர்கள் இருப்பது ஊரூராக இருக்கும் கல்லூரிகளில். அறிவிப்பு தலைமை அலுவலகப் பலகையோடு நின்றுவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. எல்லாக் கல்லூரிகளுக்கும் எந்த மாதம் சுற்றறிக்கை போகும், விண்ணப்பத்தை யார் பரிசீலிப்பார்கள், இருப்பும் செலவும் காட்டும் ஆண்டுக் கணக்கு உங்களுக்கு எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்குப் பின் அந்தக் கணக்கை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று குடும்பத்தில் இளையவர் ஒருவரின் பெயரையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.