நாற்பது தட்டுப் பாஸ்தா: பலருக்குப் பரிமாறும்போது சூடும் அழகும் கெடாமல் இருக்க

நால்வருக்குப் பாஸ்தா பரிமாறும்போது, கடைசித் தட்டை அலங்கரித்து முடித்த பிறகும் முதல் தட்டில் ஆவி பறந்துகொண்டிருக்கும். நாற்பது பேர் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. ஒரு தட்டுக்கு 30 வினாடி என்று வைத்துக்கொண்டாலும், ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் 20 நிமிடம் ஆகிவிடும். அதற்குள் முதலில் நிரப்பிய தட்டில் பாஸ்தா ஆறி, மேலே படிந்திருக்கும் மாவுச்சத்து இறுகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். எனவே பெருங்கூட்டத்துக்கான அலங்காரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது ஒரு தட்டுக்கு எத்தனை வினாடி பிடிக்கும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். எவ்வளவு அழகாக இருக்கும் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முறையாக ஒரு கூட்டத்துக்குச் சமைத்தபோது, பின்னால் நேரம் மிச்சமாகும் என்று எண்ணி, துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலைகளை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மெல்லிய நாடாக்களாக அரிந்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது அரிந்த ஓரங்களெல்லாம் கறுத்து, ஈரத் தேயிலைத் தூளைப் போல ஒரு குவியல்தான் கிடந்தது. நான் செய்த தவறுகள் இரண்டு. கத்தி பட்ட இடத்தில் இலையின் சாறு காற்றோடு சேர்ந்தால் கறுத்துவிடும். போதாததற்குப் பேசில் கடுங்குளிரையும் தாங்காது. இப்போது அந்த இலைகளைக் காம்பிலிருந்து முழுதாகக் கிள்ளி, ஈரமான தாள் துண்டுகளுக்கு நடுவே சமையலறையின் குளிர்ந்த மூலையில் வைத்துவிடுகிறேன். பெரிய இலையாக இருந்தால் பரிமாறும் நொடியில் கையால் இரண்டாகக் கிழித்துப் போடுகிறேன்.

அலங்காரத்துக்கு முன்னால் பாஸ்தாவின் வடிவத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். பென்னே, ரிகட்டோனி, ஃபுசில்லி போன்ற குட்டையான, தடித்த வடிவங்கள் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். கரண்டியால் ஒரே முறையில் அள்ளிவிடலாம். சில நிமிடம் தாமதமானாலும் குழைந்துவிடாது. ஸ்பகெட்டியைச் சுருட்டி வைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் பயின்ற கை ஒன்று வேண்டும். மயிரிழை போன்ற மெல்லிய வகைகளைக் கூட்டத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அவை வடிகட்டியிலிருந்து மேசைக்குப் போவதற்குள் களியாகிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, பாஸ்தாவே முதன்மை உணவு என்றால் ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் உலர் பாஸ்தாவும், வேறு உணவுகளும் உண்டென்றால் 60 கிராம் அளவும் போதும். நாற்பது பேருக்கு 80 கிராம் வீதம் 3.2 கிலோ ஆகிறது. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்ற வழக்கமான கணக்கின்படி இதற்கு 32 லிட்டர் வேண்டியிருக்கும். வீட்டு அடுப்பில் அது நடக்காது. ஆகையால் முன்கூட்டியே பகுதி பகுதியாக வேகவைத்து, பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் முன்பாகவே பாஸ்தாவை இறக்கி வடித்து, மிகக் குறைவாக எண்ணெய் பிசிறி, அகலமான தட்டங்களில் மெல்லிய படலமாகப் பரப்பி ஆறவிடுங்கள். நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பரிமாறும் வேளையில் பத்துப் பத்துத் தட்டுக்கானதாகப் பிரித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் அளவுக்கு அமிழ்த்தி எடுத்து, நேராகச் சூடான சாஸில் போட்டுப் புரட்டினால் மீதி வேக்காடும் அதிலேயே முடிந்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி இங்கே கைகொடுக்காது; பெரிய பாத்திரத்தில் அடியில் இருப்பது குழைந்தும் மேலே இருப்பது விறைத்தும் இருக்கக்கூடும், எனவே இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

வேகவைத்த நீரில் இரண்டு, மூன்று லிட்டரை எடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பதால், இறுகிப்போன சாஸை இளக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. தட்டில் வைத்த பிறகும் பாஸ்தா ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், அடுப்பின் மேல் இருக்கும்போது சாஸ் உங்களுக்குப் பிடித்த பதத்தைவிடச் சற்று நெகிழ்வாக இருக்க வேண்டும். வாணலியில் சரியாகத் தெரிவது மேசையில் வறண்டிருக்கும்.

வெள்ளைப் பாஸ்தாவைக் குவித்து, அதன் தலையில் சிவப்புச் சாஸை ஊற்றுவது படத்தில் எடுப்பாக இருக்கும். கூட்டத்துக்கு அந்த முறை உதவாது. சாஸ் படாத பாஸ்தா அடியில் ஒட்டிக்கொள்ளும், உண்பவரே கிளறிச் சேர்க்க வேண்டியிருக்கும். சாஸில் மூன்றில் இரண்டு பங்கைப் பாஸ்தாவோடு புரட்டிவிட்டு, மீதி ஒரு பங்கைத் தனியே சூடாக வைத்திருந்து, ஒவ்வொரு குவியலின் உச்சியிலும் ஒரு கரண்டி வைப்பதே நான் கைக்கொள்ளும் வழி. அப்படிச் செய்தால் மேலே பளபளப்பும் கிடைக்கும், கீழே வறட்சியும் இராது.

தட்டுகளைச் சூடாக்காமல் விட்டால் மற்ற முயற்சிகளில் பாதி வீண். குளிர்ந்த பீங்கான் சில வினாடிகளிலேயே பாஸ்தாவின் சூட்டை இழுத்துக்கொள்ளும். சூடு தாங்கும் தட்டுகளை 70 டிகிரி செல்சியஸ் ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஓவன் இல்லையென்றால் கொதிக்கும் சூட்டுக்குக் குறைவான வெந்நீரில் அமிழ்த்தி நன்றாகத் துடைத்துக்கொள்ளலாம். கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேற்றினால் சாஸின் ஓரம் காய்ந்து தோல் கட்டும், எடுத்துச் செல்பவரின் விரலும் சுடும். தட்டையான தட்டைவிட, அகன்ற விளிம்புள்ள குழிவான தட்டு மேல்; குவியல் பரவாமல் நிற்பதால் சூடும் நிற்கிறது. பூ வேலைப்பாடுள்ள தட்டுகள் உணவோடு போட்டி போடும் என்பதால் வெள்ளையோ வேறு ஒரே நிறமோ போதும்.

இனி ஒரு தட்டை எப்படி நிரப்புவது என்று பார்க்கலாம். ஸ்பகெட்டி என்றால், நீண்ட இடுக்கியாலோ இரட்டை முனை முள்கரண்டியாலோ ஒரு பங்கை உயர்த்தி, முனையைக் குழிக்கரண்டியின் உட்புறத்தில் ஊன்றி, நான்கு முறை ஒரே திசையில் சுழற்றுங்கள். இழைகள் நூற்கண்டைப் போலத் திரண்டதும் கரண்டியைத் தட்டின் நடுவில் சாய்த்து, கண்டை மெல்ல இறக்கி, முள்கரண்டியை எதிர்த்திசையில் சிறிது திருப்பியபடி மேலே உருவுங்கள். நேராக இழுத்தால் கண்டு அவிழ்ந்துவிடும். அந்த எதிர்த்திருப்பில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. குட்டை வடிவங்களுக்கு இந்த வித்தை தேவையில்லை. ஆழமான ஒரு கரண்டியால் நடுவில் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் பக்கங்களை உட்புறமாக ஒரு முறை அணைத்துவிட்டால் மேடு போல நிற்கும். விளிம்பை மட்டுமல்லாமல் அதை ஒட்டி உள்ளேயும் இரண்டு விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். முதல் பங்கை மட்டும் தராசில் நிறுத்துப் பாருங்கள். 80 கிராம் உலர் பாஸ்தா வெந்தபின் ஏறக்குறைய 180 கிராம் ஆகியிருக்கும். அந்த அளவு கைக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு தராசு வேண்டாம்.

எதை மேலே இடுவது என்பதைச் சாஸின் நிறமும் மென்மையும் முடிவு செய்யட்டும். தக்காளிச் சாஸுக்குப் பச்சை இலையும் வெள்ளைச் சீஸும் இயல்பாகவே பொருந்தும். கிரீம் சாஸ் வெளிறித் தெரியும் என்பதால் அதற்குக் கொரகொரப்பாக உடைத்த மிளகு, துருவிய எலுமிச்சைத் தோல், நறுக்கிய பார்ஸ்லி (கொத்தமல்லி போன்ற இலை) ஆகியவை உயிர் கொடுக்கும். பூண்டும் எண்ணெயும் மட்டும் சேர்த்ததென்றால் காய்ந்த மிளகாய்ச் சிதறல்களும் வறுத்த ரொட்டித் தூளும் போதும். ஒரு தட்டுக்கு மூன்று பொருளைத் தாண்டாதீர்கள். நான்காவது பொருள் நாற்பது கையசைவுகளைக் கூட்டிவிடும். தின்ன முடியாத எதையும், குறிப்பாக ரோஸ்மேரிக் குச்சிகளை, தட்டில் நட்டு வைப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. உண்பவர் அதைப் பிடுங்கி எங்கே வைப்பது என்று தவிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இவற்றுள் வறுத்த ரொட்டித் தூளுக்கு நான் தனி இடம் கொடுப்பேன். தென் இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அதற்கு மாற்றாகத் தூவி வந்த பொருள் இது. ஒரு நாள் பழைய ரொட்டியைக் கொரகொரப்பாகப் பொடித்து, ஆலிவ் எண்ணெயில் நசுக்கிய பூண்டுப் பல்லோடு மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் எண்ணெயைக் குடித்து நனைந்த மணல் போலக் கிடக்கும். சில நிமிடங்களில் ஒவ்வொரு துணுக்கும் பிரிந்து, வாணலியில் சலசலவென்று ஓசை எழும்பும். வேர்க்கடலைத் தோல் நிறம் வந்ததும் உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள், இல்லையேல் வாணலியின் சூட்டிலேயே கருகிவிடும். ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அன்று முழுவதும் மொறுமொறுப்பாக இருக்கும் என்பதால் காலையிலேயே செய்துவிடலாம். தட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 10 கிராம் அளவு கணக்கிட்டால் 400 கிராம் போதும். சாஸின் ஈரம் பட்டால் சில நிமிடங்களில் நமத்துவிடும். எனவே இதைத் தூவியதும் தட்டு நகர வேண்டும்.

பார்ஸ்லியையும் முன்கூட்டியே நறுக்கலாம், ஆனால் அதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. கழுவி முற்றிலும் உலர்த்தி நறுக்கியபின், மெல்லிய துணியில் முடிந்து ஒரு முறை இறுகப் பிழியுங்கள். பச்சைச் சாறு வெளியேறியதும் இலைத்துகள்கள் உதிரியாகி, விரல்களிலிருந்து மழைத்தூறல் போல விழும். பிழியாதது திட்டுத் திட்டாக ஒட்டும். எதைத் தூவினாலும் கையை ஒரு முழம் உயர்த்திப் பிடித்துத் தூவினால்தான் சீராகப் பரவும். தட்டின் விளிம்பைச் சுற்றிப் பார்ஸ்லி தூவும் பழைய பாணியை விட்டுவிடுங்கள். அது சிந்தியது போலத்தான் தெரிகிறது.

சீஸுக்கும் தட்டுக்கு 10 கிராம் போதும். நன்றாகத் துருவியது சூட்டில் உருகிச் சாஸோடு கலந்து மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் காய்த்தோல் சீவியால் பார்மேசான் என்ற கெட்டிச் சீஸை மெல்லிய இதழ்களாகச் சீவி, தட்டுக்கு மூன்று இதழ் வையுங்கள். இரண்டையும் கடைசி நேரம்வரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஆலிவ் எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரடியாக ஊற்றாமல், குறுகிய மூக்குள்ள பிழியும் பாட்டிலில் நிரப்பிக்கொண்டால் ஒரு சுற்றுக்குச் சில துளிகள் என்று கட்டுப்படுத்தலாம். பைன் கொட்டை, வாதுமை போன்ற கொட்டைகள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்பதால் அவற்றைத் தட்டில் தூவவே மாட்டேன். விரும்புவோர் போட்டுக்கொள்ளத் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு மேசையில் வைப்பேன்.

இத்தனையையும் ஒருவர் செய்ய முடியாது. நீளமான மேசையில் தட்டுகளை வரிசையாக அடுக்கி, முதலாமவர் பாஸ்தா, இரண்டாமவர் சாஸ், மூன்றாமவர் சீஸும் ரொட்டித் தூளும், நான்காமவர் இலையும் எண்ணெய்த் துளியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விளிம்பைத் துடைப்பதும் நான்காமவர் பொறுப்பே. வினிகர் சில துளி கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி, எண்ணெய்க் கறையை ஒரே இழுப்பில் எடுத்துவிடும். ஐந்தாமவர் எடுத்துச் செல்வதற்கு மட்டும். ஒவ்வொருவரும் ஒரு தட்டுக்குப் 10 வினாடி எடுத்துக்கொண்டால், நாற்பது தட்டும் எட்டு நிமிடத்துக்குள் மேசைக்குப் போய்விடும். தொடங்கும் முன் ஒரு மாதிரித் தட்டை முழுமையாக அலங்கரித்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டால், “இலை எத்தனை, சீஸ் எங்கே” என்ற கேள்விகள் எழாது.

உதவிக்கு ஆள் இல்லையென்றால் தனித்தட்டு ஆசையை விட்டுவிட்டு, எட்டுப் பேருக்கு ஒன்றாகப் பெரிய நீள்வட்டத் தட்டங்களில் பரிமாறுங்கள். ஐந்து தட்டங்களை அலங்கரிக்கும் பொறுமை எவருக்கும் இருக்கும். இங்கே குவியலை நடுவில் உயர்த்தாமல், நீளவாக்கில் மலைத்தொடர் போல அமைத்து, இலையையும் சீஸையும் அதன் முகட்டில் ஒரே கோடாகப் போடுங்கள். யார் எந்த இடத்திலிருந்து அள்ளினாலும் அலங்காரத்தில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். மேசைக்கு ஒரு சிறு கிண்ணம் கூடுதல் சாஸும், தட்டத்துக்கு இரண்டு பரிமாறும் கரண்டிகளும் வைத்துவிடுங்கள். ஒரே கரண்டிக்கு எட்டுப் பேர் காத்திருந்தால் தட்டத்தில் இருப்பது அங்கேயே ஆறிவிடும்.