வெண்தலைக் கழுகின் கூட்டருகே செய்யக் கூடாதவை

வட அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு, நீர்நிலையை ஒட்டிய உயரமான மரத்தில் கூடு கட்டி, பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே கூட்டுக்குத் திரும்பி வந்து, குச்சிகளை அடுக்கி அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே இருந்த ஒரு கூடு ஏறத்தாழ 9.5 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்டு, இரண்டு டன்னுக்கு மேல் எடையிருந்தது. இப்படியொரு கோட்டையில் வாழும் பறவை நம்மைக் கண்டு மிரளாது என்று எண்ணுவதே முதல் தவறு. ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுமார் 35 நாட்கள் அடைகாக்கும் காலத்தில், படமெடுக்க நெருங்குபவரைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து பறந்துவிட்டால், ஒன்று முதல் மூன்று வரையுள்ள முட்டைகள் குளிரில் விறைக்கும். காகங்களும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும். நடந்து செல்வோர் கூட்டிலிருந்து குறைந்தது 330 அடி தள்ளியே நிற்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது.

குஞ்சுகள் வளர்ந்த பிறகு நேரும் தவறு, இரக்கத்தால் நேர்வது என்பதால் தடுப்பதற்குக் கடினமானது. பத்து முதல் பன்னிரண்டு வாரங்களில் பறக்கத் தொடங்கும் இளங்கழுகு, முதல் முயற்சியில் தரையில் இறங்கி, மேலெழ முடியாமல் சில நாட்கள் புதரோரம் அமர்ந்திருக்கக்கூடும். அதைப் பெற்றோர் கைவிட்டுவிட்டதாகக் கருதித் தூக்கிச் செல்பவர்கள், அருகிலிருந்து கண்காணித்து அங்கேயே இரை கொண்டுவந்து தரும் பெற்றோரிடமிருந்துதான் அதைப் பிரிக்கிறார்கள். இறக்கை தொங்குதல், இரத்தக் கசிவு போன்ற காயம் தெரிந்தால் மட்டும், தொடாமல், வனவிலங்கு மீட்பாளருக்குத் தகவல் தர வேண்டும்.

தலை வெளுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். எனவே கூட்டின் விளிம்பில் நிற்கும் பழுப்புநிறப் பறவையை வேறு இனம் என்றோ, குஞ்சைத் தின்ன வந்த பகை என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. முதலாண்டு இறகுகள் நீளமானவை என்பதால் அது பெற்றோரைவிடப் பெரிதாகவும் தோன்றும்.

குஞ்சுகள் பறந்து போன பின் கூட்டை வெறும் விறகாக நினைத்து மரத்தை வெட்டுவது, மிகுந்த பொருட்செலவில் முடியக்கூடிய தவறு. 1940ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம், ஆளில்லாத கூட்டையும் பாதுகாக்கிறது. அடியில் உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகை அனுமதியின்றி எடுத்து வைத்துக்கொள்வதுகூட அச்சட்டப்படி குற்றமே.