கிட்டார் உடலின் வளைவைக் கையால் அளப்பது எப்படி?

என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்து முடித்ததும் வலது முன்கையில் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருக்கும். அதன் விளிம்பு அவ்வளவு கூர்மை. கைக்குட்டையை மடித்து அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் நண்பரின் விலை உயர்ந்த கிட்டாரை மடியில் வைத்தபோது கை எங்கேயும் இடிக்கவில்லை. கிட்டார் விலையில் ஒரு பங்கு, மரத்தைச் செதுக்கி நீக்கிய இடங்களில் இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது.

அந்தப் பங்கைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, கீறல் விழாமல் இருக்க மெல்லிய துணி, தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். இவை போதும்.

படி 1: பக்கவாட்டில் பாருங்கள்

கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்துப் பாருங்கள். முகப்பு பலகைபோல் தட்டையாக இருக்கிறதா, நடுவில் மேடாகி ஓரத்தில் இறங்குகிறதா? கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் பால் இரண்டாம் வகை: மஹாகனி மர உடலின்மேல் தடித்த மேப்பிள் மரப் பலகையை ஒட்டி வில்போல் வளைத்துச் செதுக்கியிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1954இல், அதே நிறுவனம் புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்காக லெஸ் பால் ஜூனியரை விற்றது. அதில் மேப்பிளும் இல்லை, வளைவும் இல்லை. வெறும் மஹாகனிப் பலகைதான். விலையைக் குறைக்க முதலில் கைவைத்த இடங்களில் செதுக்கலும் ஒன்று.

ஆனால் தட்டையாக இருப்பதெல்லாம் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். ஃபெண்டர் டெலிகாஸ்டர் பிறந்ததிலிருந்தே பலகை வடிவம்தான். அதன் விலை உயர்ந்த மாடல்கள் பலவும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

படி 2: ஸ்கேலை வைத்து அளவெடுங்கள்

பிரிட்ஜுக்குப் (உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்) பின்னால், தந்திகள் குறுக்கிடாத அகன்ற பகுதியில் துணியை விரித்து, ஸ்கேலைக் குறுக்காக வையுங்கள். ஓரத்தில் ஸ்கேலுக்கும் மரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? வளைவு ஆழமாக ஆழமாக, தொடக்கத்தில் தடித்த பலகை வேண்டும். அதில் ஒரு பகுதி மரத்தூளாகப் போகும். அழகான அலைரேகை கொண்ட மேப்பிள் என்றால், கூட்டித் தள்ளும் தூளுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம்.

படி 3: ரேகை எங்கே நிற்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. முகப்பில் ஓடும் மரரேகையைக் கண்ணால் பின்தொடர்ந்து விளிம்புக்கு வாருங்கள். விளிம்பைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டை இருந்தால் அது மறைத்துவிடும்; பட்டையில்லாத இடத்தைத் தேடுங்கள். முழுப் பலகையாக இருந்தால் ரேகை விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலும் இறங்கும். விளிம்போடு நின்றுவிட்டால் அது வெனீர்: சாதாரண மரத்தின்மேல் ஒட்டிய, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய தகடு.

வெனீருக்கும் வளைவுக்கும் பகை உண்டு. வீட்டில் ஒரு காகிதத்தைப் பாட்டிலில் சுற்றிப் பாருங்கள். சுருக்கமே இல்லாமல் ஒட்டும். அதே காகிதத்தைப் பந்தின்மேல் ஒட்டப் பாருங்கள். மடிப்பு விழும், இல்லையேல் கிழியும். ஒரே திசையில் வளைவதை வெனீர் பொறுத்துக்கொள்ளும். எல்லாத் திசைகளிலும் ஆழமாக வளைந்தால் பிளந்துவிடும். அதனால்தான் பிஆர்எஸ் என்ற கிட்டார் நிறுவனத்தின் விலை குறைந்த எஸ்இ வரிசையில் அலைரேகை வெனீர் போட்ட மாடல்களின் சரிவு மென்மையாக இருக்கிறது. அதே நிறுவனத்தின் கோர் வரிசையில் தடித்த மேப்பிளை நேராகவே செதுக்குவதால், வளைவு ஓரத்துக்கு முன் ஒரு பள்ளமாக இறங்கி மறுபடி எழுகிறது, வயலின் முகப்பைப்போல.

படி 4: டியூப்லைட்டின் பிம்பம்

பளபளப்பான உடலை மெதுவாகச் சாய்த்து, டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர்போல வழுக்கிச் சென்றால் வேலை சுத்தம். கோடு நெளிந்தால் அந்த இடத்தில் உப்புத்தாள் அவசரப்பட்டிருக்கிறது.

அவசரம் ஏன் வருகிறது? வளைவைக் கணினி இயந்திரம்தான் வெட்டுகிறது. மலிவு, விலை உயர்ந்தது இரண்டுக்கும் இப்போது அதே முறைதான். உருண்டை முனை கொண்ட வெட்டி, வயலில் ஏர் ஓட்டுவதுபோல் வரிவரியாகப் போகும். 12 மி.மீ. விட்டமுள்ள வெட்டி 3 மி.மீ. இடைவெளியில் ஓடினால், இரு வரிகளுக்கு நடுவே சுமார் 0.19 மி.மீ. மேடு எஞ்சும். இடைவெளியை 1 மி.மீ. ஆக்கினால் மேடு 0.02 மி.மீ.தான். ஆனால் 330 மி.மீ. அகலமுள்ள உடலில் 110 வரிகளுக்குப் பதில் 330 வரிகள் ஓடவேண்டும். இயந்திர நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது மேட்டைக் கையால் தேய்க்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் செலவுதான். தட்டை உடலில் இந்தத் தொல்லையே இல்லை. சுற்றுவரம்பை வெட்டி, குழிகளை எடுத்தால் முடிந்தது.

மலிவு கிட்டாரின் விலை குறைவதற்குக் கூலி குறைந்த நாட்டில் செய்வதுதான் ஒரே காரணம் என்பவர்களுக்கு ஒரு சான்று: 2013இல் வந்த பிஆர்எஸ் எஸ்2 வரிசை, விலை உயர்ந்த கோர் வரிசை உருவாகும் அதே அமெரிக்க மாநிலமான மேரிலாந்தில்தான் உருவாகிறது. அங்கேயும் விலையைக் குறைக்க, ஆழ வளைவை விட்டுவிட்டு எளிய சாய்வு வெட்டுக்குப் போனார்கள்.

படி 5: உடம்பில் வைத்துப் பாருங்கள்

இதுவரை பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கண்ணுக்கு. முகப்பு வளைவால் கெட்டியுடல் கிட்டாரின் (உள்ளே கூடு இல்லாதது) ஒலி தலைகீழாக மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பணத்தை பிக்கப்புக்கும் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சீரமைப்புக்கும் கொடுப்பேன். உடம்புக்கு உதவுவது வேறு இரண்டு வெட்டுகள்: முன்கை சாயும் இடத்தில் ஒரு சரிவு, பின்புறம் வயிறு படும் இடத்தில் ஒரு குழிவு. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இரண்டும் இருந்தன. வழக்கமான லெஸ் பால் எவ்வளவு விலை கொடுத்தாலும் முதுகு தட்டைதான்!

தோள்வாரை மாட்டி நின்று பத்து நிமிடமாவது வாசியுங்கள். ஃபெண்டரின் மலிவுப் பிராண்டான ஸ்குவையரின் அஃபினிட்டி போன்ற வரிசைகளில் உடலே சற்று மெலிது. தோளுக்கு அது சுகம், ஆனால் குழிவை ஆழமாக எடுக்க அங்கே மரம் மிச்சமில்லை. பின்புறத்தைத் தடவி, வயிற்றுக் குழிவு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிகிறதா பாருங்கள். வயிற்றை மேல்விளிம்பு குத்தினால் அந்தக் குழிவு பெயருக்குத்தான்.

படி 6: கழுத்து சேரும் இடம்

கடைசி ஃபிரெட்டுகளுக்கு இடது கையைக் கொண்டுபோங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் கழுத்தும் உடலும் சேரும் இடம் சதுரக் கட்டையாக, நான்கு திருகுகளும் இரும்புத் தகடுமாக நிற்கும். உள்ளங்கை அங்கே முட்டும். அந்த மூலையை உருட்டிவிட்ட மாடலில் கை தங்காமல் போகும். முட்டினால், கடைக்காரரிடம் அதே விலையில் வேறொன்றைக் கேளுங்கள். கழுத்தின் பக்கத்தில் கொம்புபோல் நீளும் உடல் முனையின் உட்புற வளைவையும் அப்போதே ஒரு விரலால் தடவிவிடுங்கள். உப்புத்தாள் எட்டாத மூலை அது, சொரசொரப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.