சிங்கப்பூர் வெக்கையில் ட்ரோன் பேட்டரி உப்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி

சனிக்கிழமை காலை பறக்கப் போகலாம் என்று வெள்ளி இரவே நான்கு பேட்டரியையும் முழுசாக சார்ஜ் போட்டு வைத்துவிடுவோம். விடிந்து பார்த்தால் மழை. சரி, ஞாயிறு போகலாம் என்றால் அன்றும் மழை, அப்புறம் திங்கள் வேலை, பேட்டரிகள் பையிலேயே கிடக்கும். ஒரு டிசம்பரில் எனக்கு இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஸ்டோர்ரூமிலிருந்து ஏதோ எடுக்கப்போன அம்மா, "என்னடா இது, நெயில் பாலிஷ் அழிக்கிற வாசனை வருது?" என்று கூப்பிட்டார். பையைத் திறந்தால் நான்கில் இரண்டு உப்பிக் கிடந்தன, அதில் ஒன்றின் ஓரத்தில் உறை லேசாகப் பிரிந்திருந்தது. அந்த இரண்டும் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை, அளவுக்கு மீறித் தீர்ந்ததும் இல்லை. முழு சார்ஜோடு சூட்டில் சும்மா கிடந்தன, அவ்வளவுதான்.

அதனால் பறக்காத நாள்களில் பேட்டரியை எப்படி வைத்திருப்பது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு லித்தியம் பாலிமர் (சுருக்கமாக லிப்போ) செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். எச்வி (உயர் மின்னழுத்தம்) என்று போட்டிருப்பவை 4.35 வரை போகும். மின்னழுத்தம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, சுற்றிலும் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக உள்ளே இருக்கும் மின்பகுதிரவம் சிதையும். சிதையும்போது வாயு உண்டாகி உறை உப்பும், உள் மின்தடையும் ஏறும், ஏறியது திரும்ப இறங்காது. நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இல்லை, வருஷம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, ஏர்கான் போடாத அறையில் இரவிலும் பெரிதாகக் குறையாது. குளிர் நாட்டுக்காரர்கள் ஒரு வாரம் தாங்கும் என்று சொன்னால் நாம் அதை நம்பி உட்காரக் கூடாது.

சும்மா வைக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் இருக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒரு தேர்வு உண்டு. முழு சார்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள், மழையால் போகமுடியாமல் போனால் அன்று மாலையே ஸ்டோரேஜில் போடுங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன சார்ஜர்கள் 5 வாட் அளவில்தான் மின்சாரத்தை வெளியேற்றும். 4எஸ், அதாவது நான்கு செல்களைத் தொடராக இணைத்த, 1500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் 14.8 வோல்ட்டை 1.5 ஆல் பெருக்கி 22.2 வாட்-மணி, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கவே இரண்டு மணிநேரம் ஆகும், நான்கு பேட்டரிக்கு எட்டு மணிநேரம். அதனால் நான் வழக்கத்தையே மாற்றிக்கொண்டேன். பேட்டரிகள் எப்போதும் 3.8இல்தான் இருக்கும். காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, போவது உறுதி என்றால் மட்டுமே மேலே ஏற்றுவேன். அங்கிருந்து முழுசாக ஏற ஒரு பேட்டரிக்கு முக்கால் மணிநேரம் போதும்.

டிஜேஐ மாதிரி அறிவார்ந்த பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை குறைவு, சில நாள் தொடாமல் விட்டால் அது தானாகவே இறங்கிக்கொள்ளும், அப்போது லேசாகச் சூடாவது இயல்புதான். ஆனால் மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அடிமட்டம் வரை போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ஏற்றி இறக்கி வையுங்கள். இன்னொன்று, டிஜேஐயின் மினி 4 ப்ரோ ட்ரோனில் பெரிய 'பிளஸ்' பேட்டரியைப் போட்டால் மொத்த எடை சுமார் 290 கிராம் ஆகிவிடும். இங்கே 250 கிராமைத் தாண்டினால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிந்தாக வேண்டும். மினிதானே என்று நினைத்துவிடாதீர்கள்.

சார்ஜ் போடும் இடம் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வாசல் ஒன்றுதான். பேட்டரி தீப்பிடித்தால் அந்த வாசலை அடைக்கிற மாதிரி இடத்தில், அதாவது முன்கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரி மேல், சார்ஜ் போடவே கூடாது. வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறையில் அட்டைப்பெட்டி, பழைய துணி நடுவிலும் வேண்டாம். தரை ஓட்டின் மேல், சோபாவும் திரைச்சீலையும் எட்டாத இடத்தில், கண் படுகிற தூரத்தில் போடுங்கள். தூங்கும்போது போடாதீர்கள். பேட்டரியை வைக்கும் தீத்தாங்கும் 'லிப்போ பை' வாங்கிக்கொள்வது நல்லது, ஆனால் அது தீயைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஒருவேளை புகை வந்துவிட்டால் அணைக்க நின்று போராடாதீர்கள், எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புக்கான 995க்கு அழையுங்கள்.

சார்ஜ் வேகம் 1சி, அதாவது 1500 எம்ஏஎச் பேட்டரிக்கு 1.5 ஆம்பியர். செல்களைத் தனித்தனியாகக் கவனித்துச் சமப்படுத்த உதவும் பேலன்ஸ் வயரைச் செருகாமல் ஒருநாளும் போடாதீர்கள். தொடங்கும் முன் செல் எண்ணிக்கையையும் பேட்டரி வகையையும் திரையில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், 4எஸ் சரி, லிப்போ சரி என்று. சாதாரண லிப்போவை எச்வி என்று தவறுதலாகப் போட்டால் செல்லுக்கு 0.15 வோல்ட் கூடுதலாக ஏறும். தீ விபத்துக்கு அது போதும்.

மைதானத்தில் கவனிக்க வேண்டியது சூடுதான். திறந்தவெளி கார்பார்க்கில் மதியம் நிறுத்திய காரில் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். நான் ஐஸ் போடாத சின்ன கூல்பாக்ஸில் வைத்து நிழலில் வைக்கிறேன். பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நம் ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் வியர்த்து முனைகளில் நீர் கோத்துவிடும், வேண்டாம். இறங்கி வந்த பேட்டரி கைக்குச் சூடாக இருக்கும்வரை சார்ஜரில் செருகாதீர்கள், அரை மணிநேரம் ஆறட்டும்.

பேட்டரியை ட்ரோனில் போடும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். லேசாக உப்பியது சரியாகப் பொருந்தாது, பாதி வழியில் கழன்றால் ட்ரோன் கல் மாதிரி விழும். எழும்பியதும் தலையுயரத்தில் அரை நிமிடம் நிறுத்தி மின்னழுத்தத்தைப் பாருங்கள், ஏதாவது கோளாறு என்றால் அப்போதே தெரிந்துவிடும். செல்லுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்கிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் பறக்கிறவர்கள் திரும்பும்போது எதிர்காற்று வரும் என்று கணக்குப் போட்டு 30 சதவீதத்திலேயே திரும்புங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெடும், அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அப்படிப்பட்ட பேட்டரியை 'உயிர்ப்பிக்க' வழி சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு பேட்டரியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண்ணும் வாங்கிய மாதமும் எழுதியிருக்கிறேன். மாதம் ஒருமுறை சார்ஜர் காட்டும் உள் மின்தடையை நோட்டில் குறிப்பேன். புதுசில் 4 மில்லி ஓம் இருந்த செல் 10ஐத் தாண்டினால் அதை ரேஸுக்கு எடுக்கமாட்டேன். அதே மாதிரி சார்ஜ் முடிந்த பிறகு 4.20, 4.19, 4.20, 4.11 என்று ஒரு செல் மட்டும் ஒவ்வொரு முறையும் பின்தங்கினால் அந்த பேட்டரியின் காலம் முடிந்தது என்று அர்த்தம். உப்பியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கண்ணாடி மேசையில் வைத்து ஓரத்தை விரலால் தட்டுங்கள், சீசா பலகை மாதிரி ஆடினால் உப்பிவிட்டது.

விமானத்தில் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். ஊருக்குப் போகும்போது ட்ரோனையும் எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்கள், இந்தியா 2022 பிப்ரவரியிலேயே வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்ததை மறக்க வேண்டாம்.

முடிந்துபோன பேட்டரியைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள், கீழே நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். உப்பாதது என்றால் சார்ஜரில் முடிந்தவரை இறக்கி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, பேட்டரி ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். உப்பியதைத் தொட்டியில் போடாமல், எங்கே எப்படிக் கொடுப்பது என்று மின்கழிவு சேகரிப்பவர்களை முதலில் அழைத்துக் கேளுங்கள். அதுவரை மூடியை இறுக்காத ஒரு உலோக டப்பாவில் மணல் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள், பொது நடைபாதையில் மட்டும் வேண்டாம்.